உயில் ஒத்திகை

ஜெரோம் மச்சாது தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்ட மனிதர். டாக்டருக்கு எதற்குத் தண்டம் அழுவது என்று, கம்பெனியில் கிடந்த குறடு ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று ஒரே இழுப்பு. பக்கத்துப் பல்லும் கூடவே வந்துவிட்டது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அதுவும் என்னைக்காவது விழ வேண்டியதுதான" என்பார். வீட்டு மோட்டார், மொட்டை மாடியில் இருக்கும் சூரியத் தகடு, மூக்குக் கண்ணாடியின் காது எல்லாம் அவர் கை பட்டவை. எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வருகிற விளக்கப் புத்தகத்தை மட்டும் பிரிக்க மாட்டார். படித்துப் பார்த்துச் செய்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் உயில் எழுத வக்கீலைத் தேடிப் போவாரா?

வக்கீல் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா உயில் எழுதாமல் ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஐஸ் கம்பெனி, கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு வீடு, இரண்டு பையன்கள். ஆளுக்குச் சரிபாதி என்றது சட்டம். சரிபாதி என்றால் எந்தப் பாதி? மூத்தவர் லாரன்ஸும் இளையவர் ஜெரோமும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். கறுத்த தலையோடு உள்ளே போனவர்கள் நரைத்த தலையோடு வெளியே வந்தார்கள். ஜெரோமுக்குக் கம்பெனி, லாரன்ஸுக்கு வீடு என்று முடிந்தது. முதல் நாளே உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே ஊர், ஒரே கோயில். ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் விடிகாலைப் பூசைக்குப் போவார், லாரன்ஸ் சாயங்காலப் பூசைக்குப் போவார். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது பிசகியதில்லை.

"எங்கப்பா ஒரு தாள் எழுதி வச்சிருந்தா எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்திருப்பான்" என்று ஜெரோம் எப்போதாவது சொல்வார். தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது. நெஞ்சுக்குள் வால்வு மாற்றிக்கொண்டு வந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். சாவுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ரெஜினா, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு இருந்து கம்பெனியை நடத்துகிறாள். இளையவன் ஆல்வின் கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், குடும்பமும் அங்கேதான். அவர்களுடைய அம்மா ஜெசிந்தா சில வருஷங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் 'ஒத்திகை' வந்தது. டிவியில் ஏற்றிக்கொள்கிற சமாச்சாரம். உயிலை நீங்களே சொல்லச் சொல்ல அது எழுதும். எழுதி முடித்ததும், நீங்கள் போன பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று நடத்திக் காட்டும். விளம்பரத்தைப் பார்த்ததுமே ஜெரோமுக்குக் கை துறுதுறுத்தது. ஓடவிட்டுப் பார்க்காமல் எந்த மெஷினையும் அவர் நம்பியதில்லை. உயிலை மட்டும் எப்படி நம்புவார்?

ரெஜினா கம்பெனிக்குக் கிளம்பிப் போனதும் அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். ஒரு பெண் குரல் வானொலிச் செய்தி வாசிக்கிற சுத்தத்தோடு பேசியது.

"வணக்கம் ஐயா. உங்கள் கைப்பேசியைத் திறக்க அனுமதி வேண்டும். உங்கள் பிள்ளைகள் உங்களிடம் பேசியது, உங்களுக்கு அனுப்பியது எல்லாவற்றையும் கேட்டு, அவர்களைப் போலவே பேசுகிற நிழல்களைத் தயார் செய்வேன். அந்த நிழல்களிடம் உங்கள் உயிலைக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் பார்க்கலாம்."

"நான் செத்த பிறகு நடக்கறத நானே உக்காந்து பாக்கலாம்னு சொல்லுத."

"ஆமாம் ஐயா. உங்கள் பிள்ளைகள் இதற்குச் சம்மதித்திருக்கிறார்களா?"

ஜெரோம் கன்னத்தைச் சொறிந்தார். "நான் பெத்த பிள்ளைங்க. என் சம்மதம் போதும்."

"அவர்களுடைய சம்மதத்தைக் கேட்கிறேன் ஐயா."

"சம்மதிச்சாச்சு."

"நன்றி. லாரன்ஸ் மச்சாது என்று உங்களுக்கு ஓர் அண்ணன் இருப்பதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அவர் பேசியது ஒரு சொல்கூட உங்களிடம் இல்லை. அவருக்கு நிழல் செய்ய முடியாது."

"வேண்டாம். அவன விடு."

"கடைசியாக, நீங்கள் படிக்க வேண்டிய பக்கங்கள் சில இருக்கின்றன. நிழல்களை எவ்வளவு தூரம் நம்பலாம், உயிலுக்குச் சாட்சியாக யார் கையெழுத்துப் போடலாம் என்பதெல்லாம்..."

'படித்துவிட்டேன்' என்ற பொத்தான் கீழேயே இருந்தது. ஜெரோம் அதை அமுக்கினார்.

திரையில் அவருடைய வீட்டு ஹாலே வந்து நின்றது. சுவரில் ஜெசிந்தாவின் படம், அதன் பக்கத்தில் அவருடைய படம், கீழே சின்ன விளக்கு. தன் படத்துக்குக் கீழே விளக்கு எரிவதைப் பார்க்க அவருக்கு வேடிக்கையாக இருந்தது. சோபாவில் ரெஜினாவும் ஆல்வினும் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்வின் பேசுவதற்கு முன்னால் காது மடலை இழுத்துவிட்டுக்கொள்வான். நிழலும் இழுத்துவிட்டுக்கொண்டது. ஜெரோமுக்கு முதுகு சிலிர்த்தது.

கம்பெனி ரெஜினாவுக்கு, தான் பிற்பாடு கட்டிய இந்த வீடு ஆல்வினுக்கு என்று எழுதியிருந்தார்.

"வீட்ட அவன் பேருக்கு எழுதிட்டா நான் எங்க இருக்க? ஐஸ் மேலயா படுக்க?" என்றது ரெஜினாவின் நிழல். "நான் சொல்லுத எதுவும் இந்த மனுசன் காதுல ஏறினதே கெடையாது."

ஜெரோம் சிரித்துவிட்டார். அச்சு அசல் அவளேதான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா" என்றது ஆல்வினின் நிழல். "அப்பா எழுதினத எழுதிட்டாவ."

"வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வாங்கிக்கிடுத பாரு, அதுதான் ஒன் சாமர்த்தியம்."

அதோடு சரி. திரையின் மூலையில் வருஷங்கள் ஓடின. ஆல்வின் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். ரெஜினா கம்பெனி ஆபீஸிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். இருவரும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஜெரோமின் சிரிப்பு நின்றது. முதல் ஓட்டம்தானே, எந்த மெஷினும் முதல் ஓட்டத்தில் முக்கத்தான் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்ததை எழுதினார்.

வீட்டை ரெஜினாவுக்கும் கம்பெனியை ஆல்வினுக்கும் மாற்றிப் போட்டார். அதற்கும் சண்டை. எல்லாம் சரிபாதி என்று எழுதினார். அதில்தான் சண்டை உச்சத்துக்குப் போனது, அவர் எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கோயிலுக்கு எழுதிப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் உடனே ஒன்று சேர்ந்தார்கள். அவர் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பங்குச் சாமியாரை யார் போய்ப் பார்ப்பது என்பதில் மறுபடி பிரிந்தார்கள். ஒரு நாள் ஆத்திரத்தில் சொத்து முழுவதையும் துறைமுகத்து நாய்களுக்கு எழுதினார். நாய்களைத் தவிர எல்லாரும் சண்டை போட்டார்கள்.

இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. காலைக் கஞ்சியைக் குடித்தால் டிவி. ஒரு குமிழை இப்படித் திருப்பினால் என்ன ஆகும், அப்படித் திருப்பினால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதே மாதிரி. தான் இல்லாத வீட்டைப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை, அவர் எல்லாரையும் கவனித்தார்.

கவனிக்கக் கவனிக்க ஒன்று பிடிபட்டது. எப்படி எழுதினாலும் சண்டையைத் தொடங்குவது ரெஜினாதான். ஆல்வின் ஒவ்வொரு தடவையும் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா" என்றுதான் சொன்னான்.

இங்கேதான் கதை கோணிக்கொண்டது. டிவியில் இருந்த ரெஜினா மேல் வந்த கோபம், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த ரெஜினா மேல் இறங்கத் தொடங்கியது.

"உப்பு கம்மியாத்தாம்பா போட்டிருக்கேன். டாக்டர் சொன்னத மறந்துட்டியளா?" என்று மீன்குழம்பை ஊற்றினாள் அவள்.

"நான் போன பிறகு நல்லா உப்புப் போட்டுத் தின்னு."

"என்னப்பா இது பேச்சு?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

இன்னொரு நாள் கம்பெனியில் புது வால்வு வாங்குவதைப் பற்றி ஏதோ கேட்டாள். "எல்லாம் ஒனக்குத்தான வேணும், நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். மாத்திரை கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அவள் போன பிறகுதான் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் கூப்பிட்டால் மட்டும் குரல் குழைந்தது. "ஒன்ன மாதிரி மனசு யாருக்குல வரும்" என்றார். ஆல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் ரெஜினா நேராகவே கேட்டுவிட்டாள். "நான் என்னப்பா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. இன்னும் செய்யல."

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஜூலை மாதம் ஒரு காலை, ஜெரோம் கடைசியாக ஒன்றை எழுதிப் பார்த்தார். கம்பெனி, வீடு எல்லாமே ரெஜினாவுக்கு. ஆல்வினுக்கு அம்மாவின் ஹார்மோனியம் மட்டும். திரையில் வருஷம் ஓடியது. சண்டை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆல்வினின் நிழல் அக்காவைக் கூப்பிட்டது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா, நீ நல்லா இருந்தாப் போதும்" என்றது. இன்னும் வருஷம் ஓடியது. அப்போதும் சண்டை வரவில்லை.

கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கண்டுபிடித்ததில் சந்தோஷம் இல்லை, வயிறுதான் எரிந்தது. கத்துகிறவளுக்கு எல்லாம், விட்டுக்கொடுக்கிறவனுக்கு ஒரு பழைய பெட்டியா? ஒப்பிட்டுப் பார்க்க முதல் உயிலை மறுபடி ஓடவிட்டார்.

"ஐஸ் மேலயா படுக்க?" என்றது டிவி.

பின்னால் வாசல் பக்கம் ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தார். கம்பெனியில் ஒரு பைப் ஒழுகுகிறது என்று வீட்டு அலமாரியில் வாஷர் எடுக்க வந்த ரெஜினா, ஹெல்மெட்டைக் கீழே விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். டிவியில் அவள் முகம், அவள் குரல், அவள் கையை வீசுகிற வீச்சு.

முழுவதையும் நின்றே பார்த்தாள்.

"இதுக்காகத்தான் ஒரு மாசமா எம்மேல கோவமா?" என்றாள் பிறகு. "நான் சொல்லாததுக்கா?"

"நீ சொல்லுவ. அச்சு அசலா இருக்குல்ல?"

"இருக்கு. ஒங்ககிட்ட நான் பேசுத மாதிரியேதான் பேசுது." அவள் டிவியைப் பார்த்துக் கேட்டாள். "ஏம்மா, என் பேச்ச எங்கேருந்து எடுத்த?"

"உங்கள் அப்பாவிடம் நீங்கள் பேசியதிலிருந்து அம்மா" என்றது குரல்.

"நானும் என் தம்பியும் பேசிக்கிட்டது?"

"அது என்னிடம் இல்லை. உங்கள் அப்பாவின் கைப்பேசியில் வந்தது மட்டுமே எனக்குத் தெரியும். படிக்க வேண்டிய பக்கத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். அப்பா படித்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது."

ரெஜினா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"அவன் தூரத்துல இருக்கான்பா. ஞாயித்துக்கிழம பத்து நிமிசம் பேசுதான், இனிக்க இனிக்கப் பேசுதான். நான் பக்கத்துலயே கெடக்கேன். மாத்திர, உப்பு, வால்வு, கரண்ட் பில்லு. பக்கத்துல கெடக்கவ பேச்சு கசக்கத்தான் செய்யும்." அவள் குனிந்து ஹெல்மெட்டை எடுத்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க செத்த பிறகு இது அழுதுச்சா?"

ஜெரோமுக்குக் கேள்வி புரியவில்லை.

"இந்த டிவியில இருக்கவ. இத்தன நாளாப் பாத்தியள. ஒருக்கயாவது ஒங்களுக்காக அழுதாளா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஆல்வினின் நிழல் கண்ணைத் துடைத்துக்கொண்டது உண்டு. ரெஜினாவின் நிழல் ஒருமுறைகூட அழவில்லை. அதை இப்போதுதான் கவனித்தார்.

"அழமாட்டா" என்றாள் ரெஜினா. "ஏன்னா நான் ஒங்க முன்னால அழுததே இல்ல. அம்மா போனப்பம் கம்ப்ரஸர் ரூமுக்குள்ள போய்க் கதவ அடச்சிக்கிட்டு அழுதேன். அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. ஒங்களுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்த அன்னைக்கும் அங்கதான் போய் உக்காந்திருந்தேன்."

வாஷரை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். ஜெரோம் டிவியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயதில், பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று ஒரு டிவி முன்னால் தெரிந்துகொள்வது பெரிய வெட்கம். அவருக்கு அழுகை வந்தது. அவருக்கும் அழுவதற்கு ஒரு கம்ப்ரஸர் ரூம் தேவையாக இருந்தது.

அடுத்த பல நாள் அவர் டிவி பக்கமே போகவில்லை. உப்புக் குறைந்த குழம்பை வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். மாத்திரையை அவள் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. உயில் இல்லாமல் கண்ணை மூடிவிட்டால்? சரிபாதி என்று சட்டம் வந்து நிற்குமே. அந்தச் சரிபாதிதானே அவரையும் லாரன்ஸையும் பிரித்தது. நிழல் பொய்யாகவே இருக்கட்டும், ஆபத்தைச் சொல்கிற மெஷின் பாதி தப்பாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்வது நல்லதுதானே. இப்படியெல்லாம் யோசித்து, கடைசியாகச் சண்டை வராத அந்த உயிலையே ஒரு நல்ல தாளில் தன் கையால் எழுதினார். எல்லாம் ரெஜினாவுக்கு, ஹார்மோனியம் ஆல்வினுக்கு. எழுதும்போது முன்பிருந்த வயிற்றெரிச்சல் இல்லை. பக்கத்தில் கிடப்பவளுக்குத்தான் போகட்டுமே என்று இருந்தது.

இனிச் சாட்சிக் கையெழுத்துத்தான் பாக்கி. இரண்டு பேர் வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று அடுக்களை வாசலில் நின்று வாய்விட்டே புலம்பினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போன மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் விஷயமாக வாய்ச்சண்டை. கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டால் அன்று மாலைக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"வெளியாள் எதுக்குப்பா?" என்றாள் ரெஜினா, அக்கறை இல்லாததுபோல மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே. "மாதா திருவிழாவுக்கு ஆல்வின் வாரான். நாங்க ரெண்டு பேரும் போட்டுருதோம்."

ஜெரோமுக்கு அது பிடித்துப்போனது. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேயே முடியும். கூடவே, தன் கண் முன்னால் இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கலாம்.

ஆகஸ்டில் ஊரே பனிமய மாதாவின் திருவிழாவில் அமளிப்பட்டது. கொடியேற்றம், ராட்டினம், தெருவெல்லாம் பந்தல். ஐஸ் கம்பெனிக்கு ஓய்வே இல்லை, குளிர்பானக் கடைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். திருவிழா முடிந்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜெரோம் உயிலை மேஜைமேல் வைத்து, எழுத்து தெரியாதபடி அதன்மேல் செய்தித்தாளை விரித்து மூடினார். சாட்சிக் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஒளிச்சு வைக்காதிய, நாங்க பாக்க மாட்டோம்" என்றான் ஆல்வின்.

"சாட்சிக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்ல. நான் கையெழுத்துப் போடுதத மட்டும் பாத்தாப் போதும்." விளக்கப் பக்கத்தில் அந்த ஒரு வரி எப்படியோ கண்ணில் பட்டிருந்தது.

அவர் போட்டார். ரெஜினா போட்டாள். ஆல்வின் காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டான். ஜெரோமுக்கு அந்தப் பார்வையைப் பிடிக்கவில்லை. இன்னும் சண்டையை ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் பார்வையா என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அடுக்களையில் பிள்ளைகள் இரண்டு பேரும் நண்டு சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் ரொம்ப நாள் கழித்து டிவியைப் போட்டு, கையெழுத்தான தாளை அதற்குக் காட்டினார். பத்திரமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"ஐயா, ஒரு சிக்கல்" என்றது குரல். "சாட்சிகள் இருவரும் உங்கள் வாரிசுகள். உங்களுக்குப் பொருந்துகிற வாரிசுச் சட்டப்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு உயிலில் எழுதிவைத்தது செல்லாது. ரெஜினாவுக்கு எழுதியதும் செல்லாது, ஆல்வினுக்கு எழுதியதும் செல்லாது."

"அப்ப யாருக்குப் போவும்?"

"உயிலில் வேறு யாருக்கும் எதுவும் இல்லை. அதனால் உயிலே எழுதாதவருடைய சொத்து எப்படிப் பிரியுமோ அப்படிப் பிரியும். பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி."

ஜெரோம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சரிபாதியா? இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அப்பா மாதிரியே சாகப் போகிறாரா?

"வேறு சாட்சிகளை வைத்து மறுபடி எழுதலாம் ஐயா. இப்போதைக்கு இதை நடத்திக் காட்டட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அது நடத்திக் காட்டத் தொடங்கிவிட்டது. திரையில் நிழல்கள் கத்தின. அதே நேரம் அடுக்களையிலும் கத்தல் கேட்டது.

"நண்டுக்கு இவ்வளவு தேங்காயா போடுவாவ? ஒன் பொண்டாட்டி ஊர்ப் பழக்கமெல்லாம் இங்க செல்லாது."

"நீ வக்குறது நண்டா? அது மெளகாத் தண்ணி. எடு கைய."

பாத்திரம் உருண்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். டிவிக்குள் இருந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஜெரோம் டிவியை அணைத்தார். அடுக்களை வாசலுக்குப் போய் நின்றார்.

"ரெண்டு பேரும் சேந்து என் உயில ஒடச்சிட்டிய" என்றார்.

ஆல்வின் தேங்காய்ப் பாலைக் கீழே வைத்தான். "ஒடைக்கலப்பா. கையெழுத்துத்தான் போட்டோம்."

"தெரிஞ்சே போட்டிய."

"தெரிஞ்சுதான்" என்றாள் ரெஜினா. "என்ன எழுதியிருக்கியன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவனுக்குக் கூடுதலா எழுதியிருந்தாலும் சரி, எனக்குக் கூடுதலா எழுதியிருந்தாலும் சரி, சரிபாதி ஆவட்டும்னு போட்டோம்."

"அந்தச் சரிபாதியிலதாம்ட்டி நானும் லாரன்ஸும் நாசமாப் போனோம்."

"நாங்க அம்மா தவறின வருசமே பேசி முடிச்சிட்டோம்பா. கம்பெனிய நான் பாப்பேன், இவன் கூட்டாளி. வீட்டுல நான் இருப்பேன், மாடி இவன் குடும்பத்துக்கு. என்னைக்காவது சண்ட வந்தா அந்த வாரமே நேருல பேசித் தீக்கணும். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க எங்களக் கேக்கவே இல்லையேப்பா" என்றாள். "டிவியத்தான கேட்டிய."

ஜெரோம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுப்பில் நண்டு கொதித்தது. கோபப்பட வேண்டும் என்று இருந்தது, ஆனால் கோபம் வரமாட்டேன் என்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு திருட்டுத்தனம் செய்திருக்கிறார்கள். ஒன்றாகச் சேர்ந்து. எந்த ஒத்திகையிலும் அது வரவில்லை.

"இந்தச் சாட்சி விசயமெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? எந்த வக்கீலுல?"

ரெஜினா கரண்டியைத் துடைத்தாள். ஆல்வின் காது மடலை இழுத்தான்.

"பெரியப்பா" என்றான்.

"எந்தப் பெரியப்பா?"

அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு பெரியப்பாதான். அது அவருக்கும் தெரியும்.

"அம்மாவ அடக்கம் பண்ண அன்னைக்கு, நீங்க எல்லாம் போன பிறகு கல்லறைக்குத் தனியா வந்திருந்தாவ" என்றாள் ரெஜினா. "அன்னையிலேருந்து நாங்க போய்ட்டு வந்துட்டுத்தான் இருக்கோம். டிவி சங்கதியச் சொன்னேன். கோர்ட்டு வராந்தாவுல உக்காந்து உக்காந்து நான் பாதி வக்கீல் ஆயிட்டேன்னு சிரிச்சிட்டு, இந்த வழிய அவியதான் சொன்னாவ."

"சாட்சியா யாரு போடக் கூடாதுன்னு அந்த டிவியிலயே போட்டிருக்குமே பெரியப்பா, அப்பா கண்டுபிடிச்சிருவாவளேன்னு நான் கேட்டேன்" என்றான் ஆல்வின். "ஒங்கப்பன் என்னைக்குலே வெளக்கப் புத்தகத்தப் படிச்சான், தைரியமாப் போடுங்கன்னாவ."

ஜெரோம் யோசித்துப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டும் அந்த டிவிக்கு இவருடைய பிள்ளைகளைத் தெரியவில்லை. ஒரு வார்த்தையும் பேசாத லாரன்ஸுக்கு இவரைத் தெரிந்திருக்கிறது. இவர் எந்தப் பொத்தானை அமுக்குவார் என்பதுவரை தெரிந்திருக்கிறது. சிரிப்பு வந்தது.

"நம்பர் இருக்கா?" என்றார்.

ஆல்வின் தன் போனிலிருந்து போட்டுக் கொடுத்தான். ஜெரோம் அதை வாங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது எடுத்தார்கள்.

"சொல்லுல ஆல்வின்" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"நான்தான்."

ஜெரோம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. திட்டாகவும் இருக்கலாம், போனை வைத்துவிடுவதாகவும் இருக்கலாம். நெஞ்சுக்குள் புது வால்வு தடதடத்தது.

"புத்தகத்தப் படிக்கலியோ?" என்றது குரல்.

"படிக்கல."

"பல்லையும் நீயே பிடுங்கிக்கிட்டியாமே. கூட ஒண்ணும் சேந்து வந்துட்டாமே."

"அது எப்படியும் விழ வேண்டியதுதான், அண்ணே."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அடுக்களையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு ஒட்டுக்கேட்பது நன்றாகவே தெரிந்தது.

"நாளைக்கு ஞாயிறுல்லா" என்றார் லாரன்ஸ். "நீ எப்பவும் போல காலப் பூசையா?"

"ஆமா. நீங்க சாயங்காலப் பூசைதான?"

"காலையில எந்திரிக்க மூட்டு விடமாட்டங்குதுல."

ஜெரோம் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார். அதில் அவர் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அப்ப நான் சாயங்காலம் வாரேன்" என்றார்.